முதல் பரிசு வாங்கிய குழந்தை

போன மாதம் ஒரு போன் வந்தது. என்னோடு கடைசி ஆறு வருஷம் வேலை பார்த்த பெண். இப்போது அவளே பெரிய சூப்பர்வைசர். "அக்கா, நம்ம சென்டர்ல ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வெக்கிறோம். நீங்கதான் ஜட்ஜா வரணும். சால்வை உண்டு, மத்தியானச் சாப்பாடு உண்டு" என்றாள்.

சால்வை என்னிடம் ஏற்கெனவே எட்டு இருக்கிறது. அதில் ஒன்றையாவது போர்த்திக்கொள்கிற மாதிரி ஒரு குளிர் புதுச்சேரியில் இதுவரை அடித்ததில்லை. வரமாட்டேன் என்றேன். "ஏங்க்கா, ஒடம்பு முடியலையா?" என்று கேட்டாள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் இருக்கிறது என்பாள். அதனால் எழுதி அனுப்பிவிடுகிறேன் என்றேன். மீட்டிங்கில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம். நாங்கள் எல்லாம் அப்படித்தான் வாரப் பத்திரிகை படித்தோம்.

நான் துணை நர்ஸ் பயிற்சி முடித்தது எழுபதுகளின் தொடக்கத்தில். இரண்டு வருஷம் கற்றுக்கொடுத்ததைச் சுருக்கிச் சொன்னால் மூன்று விஷயம்: கையைக் கழுவு, ஊசியைக் கொதிக்க வை, பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்காதே. முதல் இரண்டும் குழந்தைகளுக்கு உதவின. மூன்றாவது டாக்டர்களுக்கு உதவியது.

சில வருஷம் கிராமப் பக்கம் இருந்துவிட்டு, மில்லுக்குப் பின்னால் இருந்த தாய் சேய் நல மையத்துக்கு மாற்றலாகி வந்தேன். ஓடு போட்ட மூன்று அறைக் கட்டடம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அது குதிரை லாயமாக இருந்தது என்று சொல்வார்கள். பார்த்தால் நம்பும்படிதான் இருந்தது. மில் தொழிலாளிகள் குடியிருந்த ஏழெட்டுத் தெரு என் பொறுப்பு. வாரம் ஒரு நாள் வீராம்பட்டினமும் உண்டு. காலையில் சென்டர், பிறகு குடையும் பையுமாக வீடு வீடாக நடை.

எங்கள் டாக்டர் லூர்துநாதனை யாரும் டாக்டர் என்று கூப்பிட மாட்டார்கள். முசியே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ஆட்சி முடியும் தறுவாயில் படித்தவர். அந்த ஆட்சி முடிந்துபோனது அவருக்கு இன்னும் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கப்படவில்லை என்பது போல நடந்துகொள்வார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ, உத்தெகொலோன் சென்ட் வாசனை. எட்டேகாலுக்கு வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா நிற்கும். உள்ளே வந்ததும் கைக்குட்டையை எடுத்து நாற்காலியை மூன்று தரம் தட்டுவார். உட்காருவார். எழுந்து கை கழுவுவார். மறுபடி உட்காருவார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு ரிஜிஸ்தரைத் திறப்பார்.

இதற்குள் வராந்தாவில் இருபது குழந்தைகள் இருபது ராகத்தில் அழுதுகொண்டிருக்கும். அவருடைய தலை நிமிராது. முந்தைய நாள் பக்கத்தைக் கூட்டிப் பார்த்து, கூட்டல் சரியாக இருந்தால் "பியேன்" என்பார். நன்று என்று அர்த்தம். ஒரு குழந்தை பிழைத்தாலும் இவ்வளவு திருப்தியாக அவர் பியேன் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் கைராசிக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ஊசி போட்டால் குழந்தை அழ மறந்துவிடும்.

முசியேவுக்குக் குழந்தை வளர்ப்பில் இரண்டே கொள்கை. ஒன்று, எடைதான் ஆரோக்கியம். இரண்டு, வயிற்றுப்போக்கு வந்தால் வயிற்றுக்கு லீவு. "தியேத்" என்பார் அதை. பால் கிடையாது, தண்ணீர் கிடையாது, இருபத்துநாலு மணி நேரம் குடலுக்கு ஓய்வு. "ஓடற மெஷின நிறுத்தினாதான் ரிப்பேர் பண்ண முடியும்" என்று மில் தொழிலாளிகளுக்குப் புரிகிற பாஷையில் விளக்குவார். அவர்களும் தலையாட்டுவார்கள். குழந்தை மெஷின் இல்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னுடைய மூன்றாவது பாடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

எடை போடுவது என் வேலை. உத்தரத்துக் கொக்கியில் தொங்கு தராசு. அதில் துணித் தொட்டிலை மாட்டி, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்டை, கொலுசு, தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்து, அது உதைப்பதை நிறுத்துகிற ஒரு நொடியில் முள்ளைப் படிக்க வேண்டும். அந்த ஒரு நொடிக்காகக் கால்மணி நேரம் காத்திருந்ததும் உண்டு. பிறகு அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு போட்டு இணைக்க வேண்டும். கோடு மேலே போனால் நல்லது. படுத்தால் கவனிக்க வேண்டும். கீழே இறங்கினால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இது புத்தகத்தில் இருந்தது. எங்கள் சென்டரில் கோடு மேலே போன அட்டைகளைத்தான் பார்வைக்கு எடுத்து வைப்போம். இறங்கிய அட்டைகள் கட்டின் அடியில் கிடக்கும்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு டின் பால் கம்பெனிக்காரர் மெட்ராஸிலிருந்து வர ஆரம்பித்தார். சிரித்த முகம், தோல் பெட்டி. முசியேவுக்கு ஒரு மேசைக் காலண்டர், எனக்கு ஒரு பேனா கொடுத்தார். மூன்றாவது தடவை வந்தபோது ஆரோக்கியக் குழந்தைப் போட்டி நடத்தலாம் என்றார். பரிசெல்லாம் கம்பெனி செலவு. ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தை அதிக எடையோ அதற்கு முதல் பரிசு. முசியேவின் முதல் கொள்கைக்கு ஒரு திருவிழா கிடைத்துவிட்டது.

போட்டி ஆவணி மாதத்தில் நடந்தது. எந்தக் கல்யாணத்துக்கும் அவ்வளவு தயாரிப்பு நடந்திருக்காது. சில தாய்மார்கள் வரிசையில் நிற்கும்போதே குழந்தைக்குச் சங்கு சங்காகத் தண்ணீர் புகட்டினார்கள். ஒரு குழந்தைக்கு மூன்று நாளாக மோஷன் போகவில்லையாம். அதை ஒரு சாதனையாகச் சொன்னாள் தாய். முன்னால் நிற்கிற குழந்தை தராசிலேயே ஒன்றுக்குப் போனால் பின்னால் நிற்கிறவர்களுக்கு முகம் மலர்ந்தது.

வீராம்பட்டினத்திலிருந்து ஒரு மனுஷன், கடலுக்குப் போகிறவர், மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். குழந்தை பார்க்கச் சுமாரான சதைப்பிடிப்புதான். தராசில் போட்டதும் முள் பாய்ந்து போய் நின்றது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தொட்டிலிலிருந்து தூக்கியபோது குழந்தையின் இடுப்பில் கலகலவென்று சத்தம். ஜட்டியைக் கழற்றினேன். அரைஞாண் கயிற்றில் வலையில் கட்டுகிற ஈயக்குண்டு, வரிசையாக எட்டு.

"என்னாங்க இது?"

"காத்து கருப்பு அண்டாம இருக்கக் கட்டினதும்மா."

"எட்டுமா?"

"எங்க பக்கம் காத்து ஜாஸ்திம்மா" என்றார், கண்ணை இமைக்காமல்.

ஈயத்தைக் கழற்றியதும் குழந்தை தன் சொந்த எடைக்குத் திரும்பியது. அப்பா வருத்தப்படவே இல்லை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு அந்த இடத்தில் நேர்மையாக இருந்தது அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஏமாற்றினார், ஆனால் அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைக்கவில்லை.

முதல் பரிசு ராஜாவுக்கு. பத்து மாதக் குழந்தை. மில்லில் நெசவுப் பிரிவில் இருந்த மாணிக்கத்தின் மகன். தாய் பெயர் அஞ்சலை. குழந்தை நிஜமாகவே நன்றாக இருந்தான். தாய்ப்பாலும் இட்லியும் பிசைந்த பருப்புச் சோறும் தின்று வளர்ந்த உடம்பு. அதற்குப் பரிசாக ஆறு டின் பால் பவுடரும், ஒரு பாட்டிலும், கம்பெனி பெயர் போட்ட துண்டும் கொடுத்தார்கள். எது அவனை அப்படி வளர்த்ததோ அதை நிறுத்துவதற்கு வேண்டிய சாமான் எல்லாம் அந்தப் பரிசில் இருந்தது. நானும் கைதட்டினேன். அன்றைக்குப் புதுப்புடவை வேறு கட்டியிருந்தேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் எங்கள் ஏழெட்டுத் தெருவிலும் டின் பால் பரவியது. முதல் பரிசு வாங்கிய பிள்ளை குடிக்கிறது என்றால் சும்மாவா? அஞ்சலை வீட்டில் ஒரு டின் காலியானால் அந்த டின்னை ஜன்னலில் வைப்பாள். தெருவே பார்க்கும். டின்கள் தீரத் தீர, ஆறு கரண்டி போட்ட இடத்தில் மூன்று கரண்டி போட்டார்கள். பாட்டிலைக் கழுவ அடிபம்புத் தண்ணீர். ரப்பர் மூடியை முந்தானையில் துடைத்துக் கொடுப்பார்கள். நான் பார்த்தேன். "கொதிக்க வெச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்குப் போட்டியின் அறிக்கை எழுதுகிற வேலை இருந்தது, மூன்று பிரதி.

அதே சமயத்தில் எங்கள் சென்டருக்கு இன்னொரு பார்சல் வந்தது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள். எனக்கு அதற்காக இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். போக்கு நிற்கிற வரைக்கும் காத்திருக்காதே, போகிற தண்ணீரை அப்போதைக்கப்போது திருப்பிக் கொடு, தாய்ப்பாலை நிறுத்தாதே என்பதுதான் பாடம். முசியேவின் இரண்டாவது கொள்கைக்கு நேர் எதிர். அவர் பார்சலைத் திறந்து பார்த்தார். ஒரு பொட்டலத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"உப்பா?"

"உப்பு, சர்க்கரை, இன்னும் ரெண்டு சேந்திருக்கு சார்."

"இதுக்கு ரிஜிஸ்தர்ல கட்டம் எங்க இருக்கு?"

கட்டம் இல்லை. ஆகவே பொட்டலங்கள் அலமாரிக்குள் போயின. சாவி அவருடைய கால்சட்டைப் பையில். டைரக்டரிடம் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார். பதில் வருகிற வரைக்கும் குழந்தைகளின் வயிறு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சாக்கடையும் அடிபம்பும் ஒன்றாகிவிட்ட மாதிரி தெருவெல்லாம் தண்ணீர். ஒரு நாள் சாயங்காலம் முசியே என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குக் கம்பெனிக்காரர் போட்டோகிராபரோட வர்றார். புது வருஷக் காலண்டருக்கு ராஜாவைப் படம் எடுக்கணும். நீ காலையிலேயே போய், குழந்தையைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, தயாரா வை" என்றார். காலையில் ராஜாவின் வீட்டுக்கு நான் போனதற்குக் காரணம் அதுதான். அவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து போகவில்லை. பவுடர் டப்பா எடுத்துக்கொண்டு போனேன்.

ஏழே முக்கால் மணி இருக்கும். அஞ்சலை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ராஜா மடியில் கிடந்தான். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"முந்தாநேத்துலருந்து போவுதுக்கா. தண்ணியா போவுது. நேத்து மத்தியானம் முசியேகிட்ட தூக்கிட்டுப் போனேன். நாளைக்கி வரைக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. நாக்கு வறண்டு கெடக்கு. தண்ணி தண்ணின்னு என் கொவளையப் பாத்தே அழுவுறான்."

"நேத்து நான் ரவுண்டுல இருந்தேனே. எனக்கு ஆள் அனுப்பறதுதான?"

"டாக்டரே சொன்னப்பறம் ஒங்களுக்கு எதுக்குக்கா?"

நியாயமான கேள்வி. சாயங்காலம் படம் எடுக்கத் தயார் பண்ணச் சொன்னபோது முசியேவும் இதை என்னிடம் சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்தேன். உச்சிக்குழி விழுந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டேன். பட்டென்று படியவேண்டிய தோல் யோசித்து யோசித்துப் படிந்தது. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான் என்று கேட்டேன். நேற்று விளக்கு வைக்கிற நேரம் என்றாள். ஆனால் நினைவு இருந்தது. குவளையை நீட்டினால் கழுத்தை நீட்டிப் பிடிக்கப் பார்த்தான். குடிக்க முடிகிற வரைக்கும் வாய் வழியாகவே காப்பாற்றலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். குடிக்க முடியாமல் துவண்டால் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். ரிக்‌ஷாவை வாசலில் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

சென்டருக்கு ஓடினால் அலமாரி பூட்டு. முசியே வருவதற்குள் அரை மணி. அதற்குப் பிறகு டைரக்டரின் பதில். அவள் அடுப்பைப் பார்த்தேன். காலையில் கொதிக்க வைத்த தண்ணீர் குண்டானில் ஆறிப்போய் இருந்தது. ஒரு லிட்டர் அளக்க வேண்டும். வீட்டில் அளவுப் பாத்திரம் இல்லை.

"பாட்டில் இருக்கா?"

அஞ்சலை தயங்கினாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து மாணிக்கத்தின் ரம் பாட்டில் ஒன்றை எடுத்தாள். இந்த ஊரில் படி இல்லாத வீட்டை நான் பார்த்திருக்கிறேன், பாட்டில் இல்லாத வீட்டைப் பார்த்ததில்லை. முக்கால் லிட்டர் என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தது. சோடா உப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசி, வாசனை போகிற வரைக்கும் கழுவினேன். ஒரு முழு பாட்டில், பிறகு மூன்றில் ஒரு பங்கு. அது ஒரு லிட்டர். அதில் என் பையில் இருந்த சென்டர் டீ ஸ்பூனால் தலை தட்டி ஆறு கரண்டி சர்க்கரை, தலை தட்டி அரைக் கரண்டி உப்பு. தலை தட்டுவது முக்கியம். உப்பு கூடினால் மருந்தே விஷம். கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்தேன். கண்ணீரை விட உப்பாக இருக்கக் கூடாது. அஞ்சலையையும் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணீர் கைவசம் நிறைய இருந்தது.

நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. குடிக்கக் கொடுத்தால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாந்தி எடுப்பான். அதனால் கரண்டிதான். முதல் கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. பதினைந்தாவது கரண்டியில் வாந்தி எடுத்தான். அஞ்சலை, "போச்சு, முசியே சொன்னது சரிதான்" என்று அலறினாள். பத்து நிமிஷம் பொறுத்தோம். மறுபடி முதலிலிருந்து. நடுவில் மாரில் போடச் சொன்னேன்.

"டின் பால் வந்ததுலருந்து ராத்திரில மட்டுந்தான்க்கா குடுக்கறேன்."

"இருக்கறத இப்பக் குடு. காலண்டர்ல இருக்கறவன் பகல்ல குடிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

பதினொன்றரை மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. தெருப் பிள்ளைகள் பூராவும் அதைச் சுற்றிக்கொண்டன. முசியே முதலில் இறங்கினார், ஷூவில் சேறு படாமல் கல்லுக்குக் கல் தாண்டி. பின்னால் கம்பெனிக்காரர், கையில் புது டின். அவருக்குப் பின்னால் முக்காலியும் விளக்குமாகப் போட்டோகிராபர். ராஜா என் மடியில் இருந்தான். என் கையில் கரண்டி.

"என்ன நடக்குது இங்க?" என்றார் முசியே.

"தண்ணி குடுக்கறேன் சார்."

"யார் சொன்னது?"

"புள்ளதான் சார் கேட்டுச்சு."

வாயைத் திறக்காதே என்ற பாடத்தை எட்டு ஒன்பது வருஷம் காப்பாற்றியிருந்தேன். அது போன விதம் எனக்கே தெரியவில்லை. முசியேவின் முகம் சிவந்தது. "நான் தியேத் சொல்லியிருந்தேன்."

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணுக்குப் போகல சார். தோல் நிக்குது, பாருங்க."

அவர் குனிந்து பார்ப்பதற்குள் கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், வெளிச்சம் போயிடும், மறுபடி மேகம் வருது. கண்ணுதான் கொஞ்சம் உள்ள போன மாதிரி இருக்கு. பவுடர் போட்டா சரியாயிடும் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே மண்டியிட்டு, டின்னை ராஜாவின் தொடையில் சாய்த்து வைத்தார். டின்னின் மேல் இருந்த குழந்தைப் படம் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி அதைத் திருப்பினார். "தம்பி, சிரி பாக்கலாம்."

அதுவரை சுவரோரமாக நின்ற அஞ்சலை முன்னால் வந்தாள். "அந்த டின்ன எடுங்க சார். எம் புள்ளைக்கி அது வேணாம்."

"அம்மா, ஒரே ஒரு படம்…"

"எடுன்னு சொல்றேன்ல?"

அவர் டின்னைத் தொடுவதற்குள் என் மடி சூடானது. ராஜா ஒன்றுக்குப் போனான். வளைந்து எழும்பி, டின்னின் மேல், அதில் படம் போட்டிருந்த கொழுகொழு குழந்தையின் முகத்திலேயே நேராக விழுந்தது. எங்கள் வேலையில் அதைவிட நல்ல செய்தி கிடையாது. "போச்சுக்கா! போயிட்டான்க்கா!" என்று அஞ்சலை கத்தியதில், வெளியே நின்றவர்கள் குழந்தைதான் போய்விட்டது என்று நினைத்து உள்ளே ஓடிவந்தார்கள். அவர்களுக்கு விளக்கி வெளியேற்றுவது பெரும்பாடாகிவிட்டது.

கம்பெனிக்காரர் டின்னை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார். முசியே மட்டும் ஒரு நிமிஷம் நின்றார். குழந்தையின் வயிற்றுத் தோலை அவரே கிள்ளிப் பார்த்தார். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நான் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அங்கேயே இருந்தேன். கிளம்பும்போது ராஜா கரண்டியைப் பிடுங்கி என்னை அடித்தான்.

மறுநாள் காலை என் மேசையில் முசியேவின் மெமோ இருந்தது. மேலதிகாரியின் எழுத்துபூர்வ ஆணை இல்லாமல், மருந்துப் பட்டியலில் இல்லாத திரவத்தை, அங்கீகரிக்கப்படாத கொள்கலனில் தயாரித்துக் கொடுத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார். அங்கீகரிக்கப்படாத கொள்கலன் என்றால் ரம் பாட்டில். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடனே பதில் எழுதினேன். உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் அந்த வீட்டுடையவை, கரண்டி மட்டுமே அரசாங்கத்துடையது, அது பழுதில்லாமல் திரும்ப ஒப்படைக்கப்பட்டது என்று எழுதினேன். இரண்டு தடவை படித்து நானே சிரித்துக்கொண்டேன். ராஜாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்து கொடுக்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ராஜா தவழ்ந்துகொண்டிருந்தான். அஞ்சலை சிரிக்கவில்லை.

"வள்ளி புள்ள போயிடுச்சுக்கா. நேத்து சாயங்காலம்."

வள்ளியின் வீடு மூன்று சந்து தள்ளி, வாய்க்கால் ஓரம். புருஷன் மூட்டை தூக்குகிறவன். குழந்தை செல்விக்கு எட்டு மாதம். அவளுடைய அட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கோடு இறங்கிய அட்டை, கட்டின் அடியில் கிடந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எடை குறைந்த குழந்தைகளைப் பற்றி அறிக்கை யாரும் கேட்கவில்லை. அதிக எடைக் குழந்தையைப் பற்றி மூன்று பிரதி கேட்டிருந்தார்கள்.

வள்ளி தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே சொன்னாள்.

"ரெண்டு நாளா போச்சுக்கா. அஞ்சல புள்ளைக்கித் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு முசியே சொன்னாராம், தெருவுல சொன்னாங்க. பிரைஸ் வாங்கின புள்ளைக்கே அப்பிடின்னா நம்மளுக்கும் அதான்னு நானும் குடுக்கல. நேத்து மத்தியானம் கண்ண சொருவிச்சி. நீங்க அஞ்சல ஊட்டுல இருக்கீங்கன்னு சொன்னாங்க. தூக்கிக்கிட்டு வந்தேன்."

"வந்தியா? எப்ப?"

"ஜீப்பு நின்னுச்சே, அப்ப. டாக்டரு, போட்டோ புடிக்கறவங்க எல்லாம் இருந்தாங்க. போட்டோ எடுக்கறாங்க, நடுவுல போய் நிக்கக் கூடாதுன்னு திரும்பிட்டேன். அப்பறமா வரலாம்னு."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் ஏற்றும்போதே முடிந்துவிட்டது என்றாள். நான் ரிக்‌ஷா நிறுத்தி வைத்திருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், அஞ்சலை வீட்டு வாசலில், சும்மா.

சென்டருக்குத் திரும்பியதும் செல்வியின் அட்டையைத் தேடி எடுத்தேன். முசியே ரிஜிஸ்தர் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையை ரிஜிஸ்தரின் மேல் வைத்தேன். இறங்கிய கோடு என் கையால் போட்டது. அதன் கீழே சிவப்புப் பென்சிலில் அவருடைய கையெழுத்து.

"இந்தப் புள்ள நேத்து செத்துப்போச்சு சார். நீங்க இன்னொரு புள்ளைக்குச் சொன்ன தியேத்த கேட்டுட்டு, இதுக்கும் தண்ணி குடுக்கல. நானும் ரெண்டு மாசமா போகல. அலமாரிச் சாவி வேணும் சார்."

அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். வராந்தாவில் குழந்தைகள் அழுத சத்தம் அன்றைக்குத்தான் அவருக்குக் கேட்டது போல ஒரு தடவை நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பையில் கை விட்டு, சாவியை எடுத்து மேசையில் வைத்தார். பியேன் சொல்லவில்லை. வருந்துகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை அவருக்குப் பிரெஞ்சிலும் தெரியும், தமிழிலும் தெரியும். என் பதிலை நான் கொடுக்கவில்லை. மெமோவைப் பற்றி அவர் பிறகு கேட்கவும் இல்லை.

மறு வருஷம் டைரக்டரின் உத்தரவு வந்தது. பொட்டலத்துக்கு ரிஜிஸ்தரில் கட்டமும் வந்தது. ஒரு கூட்டத்தில் முசியே உப்பு சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், கண்ணாடி டம்ளரில் கலக்கியும் காட்டினார். குழந்தை மெஷின் இல்லை என்றுகூடச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலை தட்டியிருக்கிறாரா என்று கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டியிருந்தார்.

போட்டி மட்டும் நிற்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் நடந்தது. நானும்தான் எடை போட்டேன். வேலையை விட்டுவிட்டுப் போகிற தைரியம் எனக்கில்லை. ஒன்று மட்டும் மாற்றினேன். ரவுண்டு கிளம்புவதற்கு முன் அட்டைக் கட்டைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வேன். கோடு இறங்கிய வீடு முதலில், மேலே போன வீடு கடைசியில். மேலே போன வீட்டுக்காரர்களுக்கு இதில் மனத்தாங்கல். அவர்கள் புகாரும் எழுதிப் போட்டார்கள்.

கடைசி வருஷப் போட்டிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது வள்ளி வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, பெண், நாலு மாதம் இருக்கும். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. வரிசையில் நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்தாள். பழக்க தோஷம், என் கை தராசுப் பக்கம் போனது.

"குடு, எடை பாத்துடறேன்."

அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எடையெல்லாம் நீங்க அப்பறம் போடுங்கக்கா. மொதல்ல ஊட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க."

சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனாள். எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நானும் அவள் பின்னாலேயே இறங்கினேன்.